இடது காது இரைகிறது

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. இரையுது. வாடைக்காற்றுக் காலத்தில் வெளிக்கடல் இரையும். பழுதாகப் போகும் எஞ்சின் இரையும். காதும் இரையும். ஆஸ்பத்திரியில் கொப்பியில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் எழுதித் தந்தார்கள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "காது இரையுது" என்றால் போதும், கேட்டவருக்கு உடனே விளங்கிவிடும். விளங்கிய கையோடு ஒரு மருந்தும் வந்துவிடும்.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். முதல் மூன்று மாதங்களில் எனக்குச் சொல்லப்பட்ட மருந்துகளையும் எழுதி வைத்திருக்கிறேன்:

உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், மூன்று துளி.
உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதுவது.
பூச்சி ஏதும் போயிருக்கும், ரோச் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது.
கலியாணம் கட்டுவது.

கடைசி மருந்தைச் சொன்னவர் எங்கள் ஒழுங்கைக்கு வரும் மீன்காரர். அந்த நாட்களில் எனக்கு மிகவும் வலித்த சத்தங்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் ஹோர்னும் ஒன்று. அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஹோர்ன் அடிக்காமல் மீன் விற்க ஏலாது.

உட்துறைமுகத்துக்கு அருகே படகு எஞ்சின் திருத்தும் வேலைத்தளம் ஒன்றில் நான் தொழினுட்பவியலாளர். தொழினுட்பக் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் அங்கே சேர்ந்தேன். எஞ்சின் பகுதியில் நான் ஒருத்திதான் பெண். என் வேலையில் பாதி கேட்பது. சுழலும் தண்டைத் தாங்குகிற பெயாரிங் பழுதாவதைக் கண் காண முன்பே காது கண்டுவிடும். அதற்கென்று கருவி இருக்கிறது. எங்களிடம் இருந்த கருவி பழுது. ஆகவே நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்போம். நல்ல பெயாரிங், அரிசி புடைக்கிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். கெட்டதில் மணல் கடிபடும். எனக்கு அதற்குப் பழகியிருந்தது இடது காது.

அன்றைக்கும் அப்படித்தான். காற்று அமுக்கும் இயந்திரத்தில் பெயாரிங் ஒன்றைக் கேட்பதற்காகக் காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்திருந்தேன். என் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பாதுகாப்பு வால்வு திறந்தது. யாருடைய பிழையும் இல்லை. அழுத்தம் கூடினால் திறப்பதற்காகத்தான் அந்த வால்வு இருக்கிறது. அது தன் வேலையைச் செய்தது. நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தேன். பழைய ரியூப்லைட் எரிவதற்கு முன் இரைவது போல மெல்லிய, உயரமான ஒரு ஒலி. எங்காவது வயர் கழன்றிருக்கும் என்று தெருவிளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்குள் வந்தும் அது கூடவே வந்தது.

இரைச்சலோடு இன்னொன்றும் வந்தது. அதற்கு ஊரில் சொல்லே இல்லை. சாதாரணச் சத்தங்கள் வலித்தன. கோப்பையில் கரண்டி படுவது, இரும்புக் கதவு, தேங்காய் திருவுவது, சின்னப் பிள்ளைகள் சிரிப்பது எல்லாம் காதுக்குள் ஊசியாக இறங்கின. எங்கள் வேலைத்தளப் போர்மனிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப காது முந்தியை விட நல்லாய்க் கேக்குது எண்டுதானே அர்த்தம்?"

"இல்லை அண்ணை. கேக்கிறது வலிக்குது."

"கேட்டால் வலிக்குதோ? எனக்கு வீட்டுக்குப் போனாலே அப்பிடித்தான், பிள்ளை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் வலித்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வலித்தது. பெயர் உள்ள நோயை எல்லோரும் நம்புவார்கள். பெயர் இல்லாததை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டும். அந்த வருடத்தில் என்னைக் களைக்க வைத்தது நோயைவிட அந்த விளக்கம்தான் என்று நினைக்கிறேன்.

போர்மன் கெட்டவர் இல்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றினார். "உள்ள இருந்து நட்டு எண்ணிக்கொண்டிரு. காது வந்தோடன வா" என்றார். காது எங்கேயும் போகவில்லை, சத்தம்தான் வந்தது என்றேன். அலுவலகம் அதை ஒரு வருடத் தற்காலிக மாற்றம் என்று கடிதத்தில் எழுதியது. வருடம் முடிய நான் எஞ்சின் பகுதிக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுப்பார்கள், ஸ்டோர் எனக்கு நிரந்தரமாகிவிடும். ஸ்டோரில் நான்கு அலுமாரி, ஒரு மேசை, ஒரு கதிரை. நல்ல நிழல். எனக்கு அந்த இடம் வேண்டாம். அவ்வளவு படித்தது அட்டையில் இலக்கம் போடுவதற்கு இல்லை.

ஆகவே திட்டம் போட்டேன். எதையும் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும் என்பதுதான் நான் படித்தது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கண்ணை மூடி இடது காதைக் கேட்டு, இரைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் பதிந்தேன். வலித்த சத்தங்களைத் தனியாக எழுதினேன். மற்ற நேரமெல்லாம் காதுக்குள் வைக்கும் ஸ்பொஞ்சுத் துண்டுகளோடு இருந்தேன். சாப்பிடும்போதும் எடுப்பதில்லை. அப்பளம் நொறுங்குவது தலைக்குள் கேட்கும்.

அம்மாவும் தன் பங்குக்கு அளந்தார். நான் கண் விழித்ததும் வாசலில் நின்று கேட்பார்.

"இரையுதோ?"

அந்தக் கேள்வி வரும் வரைக்கும் சில காலைகளில் அது இரைந்திருக்காது. கேட்டதும் தேடுவேன். தேடினால் இருக்கும்.

"ஓம்."

"கூடவோ குறையவோ?"

"அஞ்சு."

"நேற்று நாலு எண்டனீ."

நான்காம் மாதம் அளவில் பதிவு ஆறிலும் ஏழிலும் நின்றது. சத்தமில்லாத இடத்தில் கொஞ்சக் காலம் இருந்தால் சுகம் வரும் என்று அம்மா முடிவெடுத்து என்னைக் கிளிவெட்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி. வீட்டைச் சுற்றி வயல். அறுவடை முடிந்திருந்ததால் வயலிலும் ஆளில்லை. மத்தியான வேளைகளில் இலை அசைவதுகூட இல்லை. பெரியம்மா பெருமையோடு சொன்னார், "பார், ஒரு சத்தமும் இல்லை. காது எப்பிடி?"

காதில் அதைவிடப் பெரிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வேறொன்றும் இல்லாததால் அது அந்த வயல் முழுவதையும் நிறைத்தது. பத்துக்கு ஒன்பது போட்டேன். ஐந்தாம் நாள் பின்னேரம், பக்கத்துக் காணிக்காரர் யானை வருகிறது என்று வெடி கொளுத்திப் போட்டார். நான் கட்டிலுக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. பெரியம்மா குனிந்து பார்த்தார்.

"யானை அங்கால போயிட்டுது. நீ வெளிய வா, பிள்ளை."

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் பிரிவுக்கு மறுபடி போனேன். அங்கே இருந்தவர் என்னைவிடப் பத்து வயது கூடிய ஒரு பெண். நான் கொப்பியை மேசையில் வைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாராட்டுவார் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன்.

"நல்ல வடிவாய் எழுதியிருக்கிறீங்கள். ஒரு நாளைக்கு எத்தினை தரம் கேக்கிறீங்கள்?"

"மூண்டு."

"இதை இண்டையோட நிப்பாட்டுங்கோ."

"அளக்காமல் எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் அளக்கேல்லை. கூப்பிடுறீங்கள். மூண்டு நேரமும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும்?"

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது, அவர் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காகவே கொப்பியை மறுபடி பார்த்தேன். காய்ச்சலில் படுத்த நான்கு நாட்கள் ஒன்றும் எழுதவில்லை. அதற்கு அடுத்த பதிவு மூன்று. என் கையெழுத்திலேயே இருந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தேன். அளக்கும் கருவியும் பழுதான பொருளும் ஒன்றே என்றால் அந்த அளவுக்குப் பெறுமதி இல்லை. இதை முதலாம் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அவர் சொன்னவை குறைவு. வீட்டுக்குள் ஸ்பொஞ்சுத் துண்டு வேண்டாம்; அடைக்க அடைக்கக் காது இன்னும் தீட்டிக்கொள்ளும். வேலைத்தளம் போன்ற உண்மையாகவே பெரிய சத்தத்துக்கு மட்டும் காதுமூடி. முழு அமைதியில் இருக்கக் கூடாது, மெல்லிய சத்தம் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கட்டும். வீட்டில் ஒருவரும் "இரையுதோ" என்று கேட்கக் கூடாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். மாதங்கள், என்றார். சிலருக்கு அதைவிடக் கூட. ஒலி போகுமா என்று கேட்டதற்கு, போகலாம், போகாமலும் விடலாம், ஆனால் நீங்கள் அதை விட்டுவிட்டுப் போகலாம் என்றார். அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பின்னேரம் முழுவதும் எழும்பவில்லை.

கேள்வியை நிறுத்துவது அம்மாவுக்கு என்னைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார்.

"சாப்பிட்டியோ?"

"இப்பதான் எழும்பினனான் அம்மா."

"ஓம் ஓம். அதுதான் கேட்டனான்."

அடுத்த ஒரு மாதமும் "சாப்பிட்டியோ" என்ற சொல்லை அம்மா அதே குரலில், அதே முகத்தோடு, நாளுக்கு ஐந்து தடவை கேட்டார். சில நாள் எனக்குச் சிரிப்பு வரும். பல நாள் சிரிப்பதற்கும் அலுப்பாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, லீவு போட்டு வீட்டில் இருந்தேன். குசினியில் அம்மா குக்கரில் கடலை அவித்துக்கொண்டிருந்தார். காதில் ஒன்றும் இல்லாமல் ஹோலில் இருந்து உடுப்பு மடித்தேன். விசில் வரும், வலிக்கும் என்று தோள்களை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். கடலை மணம் வந்தது. விசில் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்போதும் இல்லை. தொழில் பழக்கத்தில் எழுந்து போய்ப் பார்த்தேன்.

குக்கரின் தலையில் உள்ள விசில் குண்டை அம்மா பழைய சாரத் துண்டால் சுற்றி, ரப்பர் வளையம் நான்கு போட்டு இறுக்கியிருந்தார். துணி நனைந்து உப்பியிருந்தது. மூடியின் விளிம்பு சீறியது.

"அம்மா, விலகுங்கோ."

காஸை நிறுத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனேன். வேலிக்கு அப்பால், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று யாரோ வீசிய சோற்றுப் பார்சலைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்ன பிள்ளை? கத்துமெண்டு கட்டினனான்..."

"அது கத்தத்தான் வேணும். அது விசில் இல்லை அம்மா, வால்வு. அதை அடைச்சால் குக்கர் வெடிக்கும்."

"எனக்கென்ன தெரியும்? உனக்கு நோகுமெண்டு செய்தன்."

"எப்பேந்து?"

"கொஞ்சக் காலமாய்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. றேடியோவைத் தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். பெரியம்மாவோடு போனில் கதைக்க ஒழுங்கை முனைக்குப் போகிறார். நான் வேலைக்குப் போன பிறகுதான் தேங்காய் திருவுகிறார். பக்கத்து வீட்டுக்காரி, "உங்கட வீட்டில ஆரும் செத்தவையோ, ஒரு சத்தம் அசுமாத்தம் இல்லை" என்று கேட்டிருக்கிறாள்.

"ஆறு மாதம் ஒரு பாட்டுக் கேக்கேல்லை" என்றார் அம்மா. "எனக்கும் களைச்சுப் போச்சு, பிள்ளை."

அதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கால் நோகிறது என்பதுபோலச் சொன்னார். நான் என் வலிகளுக்கு வைத்திருந்த கொப்பியில் அவர் ஒரு வரியிலும் இல்லை.

குக்கர் ஆறியதும் துணியை அவிழ்த்தேன். குண்டின் துளையை ஊசியால் சுத்தம் செய்து, கடலை அரைவேக்காடாக இருந்ததால் மறுபடி அடுப்பில் வைத்தேன். குசினி வாசலில் நின்றேன். விசில் வந்தது. வலித்தது. இரண்டாவது வந்தது. அதுவும் வலித்தது. மூன்றாவது விசிலோடு அடுப்பை நிறுத்தினேன். அன்றைக்கு வேறு எதையும் செய்ய எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஆனால் றேடியோவை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"எவ்வளவு சத்தம் வைக்க?" என்று அம்மா கேட்டார்.

"உங்களுக்குக் கேக்கிற அளவு."

அம்மாவுக்குக் கேட்கிற அளவு எனக்கு முதலில் தாங்கவில்லை. முதல் வாரம் நான் ஹோலில் இருந்தேன், றேடியோ குசினியில் பாடியது. பிறகு குசினி வாசல். பிறகு அதே மேசை. இப்படிச் சொன்னால் படிப்படியாக ஏறியதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய பத்து நாட்களில் பழையபடி ஹோலின் மறுமூலைக்குப் போய்விட்டேன். ஒரு நாள் பஸ் ஹோர்னுக்கு நடுத்தெருவில் அழுதேன். இருபத்தெட்டு வயதில் ஹோர்னுக்கு அழுகிறவளைப் பார்த்து நடத்துநர், "மிஸ், உங்களுக்கு அடிக்கேல்லை, மாட்டுக்கு அடிச்சது" என்றார். முன்னேற்றத்தை எழுதி வைக்கக் கூடாது என்பதால் அது நடந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மீன்காரரிடம் சூரை வாங்கிவிட்டு உள்ளே வந்த பிறகுதான், ஹோர்னைக் கேட்டு நானே வெளியே போனதை நினைத்தேன்.

இரைச்சல் போகவில்லை. தேடினால் இருக்கும். தேடாமல் இருப்பதற்கும் ஒரு முயற்சி வேண்டியிருந்தது. அந்த முயற்சி மெதுவாகக் குறைந்தது.

பதினோராம் மாதம் போர்மன் ஸ்டோருக்கு வந்தார். என் மேசையில் ஒரு படிவத்தை வைத்துவிட்டு நின்றார்.

"அடுத்த மாதம் முடியுது. வாறியோ, இல்லையோ?"

"ஒருக்கால் எஞ்சினைக் கேட்டுப் பாக்கிறன்."

மீன்பிடிப் படகொன்றின் எஞ்சினைத் திருத்தி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பம்பில் சந்தேகம். வலது காதில் மூடி, இடது பக்கம் ஸ்குரூட்ரைவர். பழைய இடத்தில் வைத்து அழுத்தினேன். மணல் கடிபடுவது கேட்டது. ஆனால் என் காதின் ஒலியும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருந்தது. எது பம்ப், எது நான் என்று தெரியவில்லை.

"நிப்பாட்டுங்கோ" என்றேன். எஞ்சின் நின்றது. மிஞ்சியது என்னுடையது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு வேண்டுமென்றே கேட்டது அப்போதுதான். "இப்ப ஓட்டுங்கோ." ஓட்டினார்கள். "நிப்பாட்டுங்கோ."

"என்ன பிள்ளை, எஞ்சினோட கோவமோ?"

"இன்னொருக்கால்."

மூன்று தடவை அப்படிச் செய்தேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தபோது மிச்சம் இருந்தது. "பம்பின்ர முன் பெயாரிங்" என்றேன். போர்மன் எஞ்சினை மறுபடி ஓட்டச் சொல்லி, ஸ்குரூட்ரைவரை வாங்கித் தன் காதில் வைத்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நீண்ட நேரம் கேட்டார்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"வடிவாய்க் கேளுங்கோ அண்ணை."

"கேக்காது, பிள்ளை. எனக்கு இருவது வருசமாய் இரையுது." எஞ்சின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காத அளவில்தான் சொன்னார். "இதில நிக்கிறவைக்கு எல்லாருக்கும் இரையுது. ஆர் போய்ச் சொல்லுறது? சொன்னால் ஸ்டோருக்கு அனுப்புவினம்."

முதல் நாள் அவர் என்னைக் கேலி செய்தது ஞாபகம் வந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை, களைப்புத்தான் வந்தது. பம்பைக் கழற்றினோம். பெயாரிங் குண்டு ஒன்றில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவில் ஒரு பள்ளம். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். நேரம் பன்னிரண்டு இருக்கும். தலை விறைத்துப்போய் இருந்தது. காதுமூடி போட்டிருந்தும் அதற்கு மேல் அங்கே நின்றிருக்க ஏலாது.

படிவத்தில் உடல்நிலை என்ற இடத்தில் அவர் பேனையால் அழுத்தி எழுதினார்: பூரண குணம்.

"அப்பிடி எழுதாதேங்கோ" என்றேன்.

"ஏன்? நீதானே கண்டுபிடிச்சனீ."

"மத்தியானம் வரைக்கும்தான் ஏலும். மத்தியானத்துக்குப் பிறகு ஸ்டோர். அப்பிடி எழுதுங்கோ."

"அரைவாசிக் குணம் எண்டு எழுதினால் மேல ஒத்துக்கொள்ளமாட்டினம்."

"பூரண குணம் எண்டு எழுதினால் பின்னேரமும் நிக்கச் சொல்லுவினம். ரெண்டு மாதத்தில திரும்பவும் விழுந்திடுவன். பிறகு ஆர் வந்து எஞ்சின் கேக்கிறது உங்களுக்கு?"

அவர் பேனையைப் பற்களில் தட்டினார். அந்தச் சத்தமும் கொஞ்சம் குத்தியது. பிறகு எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் நான் சொன்னபடி எழுதினார். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. நான் திருத்தவில்லை. அவர் கையெழுத்துப் போடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.